ரத்த வங்கி ஜன்னலும் என் மௌன விரதமும்

போன மாதம் எங்கள் பழைய ஆஸ்பத்திரியின் ரத்த வங்கியிலிருந்து மூன்று பேர் என் வீட்டுக்கு வந்தார்கள். மூவரும் நான் ஓய்வுபெற்ற பிறகு வேலைக்குச் சேர்ந்த டெக்னீஷியன்கள். செல்போனை வாசலில் இருக்கும் பெட்டியில் போட்டுவிட்டுத்தான் இனி உள்ளே போக வேண்டும் என்று அவர்களுக்குப் புது உத்தரவு வந்திருக்கிறதாம். மூன்று பேர் முகமும் சுருங்கிப் போயிருந்தது.

"மேடம், நீங்க கவனம் செதறாம வேலை பாப்பீங்களாமே. அது எப்படினு எங்க கிளாஸ்ல வந்து பேசணும்" என்றாள் அவர்களில் மூத்தவள்.

காபி கொண்டுவந்த என் கணவர் தட்டோடு அப்படியே நின்றுவிட்டார். "யாரு, இவளா?" என்றார்.

அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் பக்கத்து வீட்டில் பேசப் போய், பாலும் போய்ப் பாத்திரமும் போன கதை எங்கள் வீட்டில் எத்தனையோ உண்டு. வகுப்புக்கு வரவில்லை, எழுதித் தருகிறேன் என்று சொல்லி அவர்களை அனுப்பிவைத்தேன். பேச ஆரம்பித்தால் எங்கே போய் நிற்பேன் என்று எனக்கே தெரியாது. எழுதினால் தாளாவது என்னைக் கொஞ்சம் பிடித்து வைக்கும்.

நான் தேவகி. திருவண்ணாமலையிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம் போனால் என் ஊர். நெல்லும், மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலையும் போடுகிற குடும்பம். பன்னிரண்டாவது முடித்து, வேலூரில் லேப் டெக்னீஷியன் படிப்பு படித்து, இரண்டு தனியார் லேபில் சில வருடம் சிறுநீரும் சளியும் பார்த்துவிட்டு, திருவண்ணாமலையில் வேங்கிக்கால் பக்கம் இருந்த ஒரு அறக்கட்டளை ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். அதன் பெயர் இங்கே வேண்டாம். கல்யாணம், இரண்டு பிள்ளைகள் எல்லாம் அதற்குள் ஆகிவிட்டன. ரத்த வங்கிக்கு என்னை மாற்றியபோது எனக்கு முப்பத்தெட்டு வயது. வேலை எல்லாம் தெரியும் என்ற நினைப்பும் சேர்ந்தே இருந்தது.

எங்கள் ரத்த வங்கிக்கு ஒரு ஜன்னல் உண்டு. அது பெரிய நடைபாதையைப் பார்த்து இருக்கும். ஆஸ்பத்திரிக்குள் நுழைகிற யாரும் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். "எக்ஸ்ரே எங்கம்மா?", "சர்க்கரை டாக்டர் வந்துட்டாரா?", "கேன்டீன்ல இட்லி கீதா?" எல்லாக் கேள்வியும் அந்த ஜன்னலில்தான். போதாததற்கு, நம்ம ஊர்ப் பெண் ஒருத்தி பெரியாஸ்பத்திரி லேபில் இருக்கிறாள் என்று எங்கள் ஊரில் பேச்சு பரவிவிட்டது. காய்ச்சல் வந்தவர்களும் வந்தார்கள், காய்ச்சல் வராதவர்களும் வந்தார்கள். நான் யாரையும் விடவில்லை. கை ஒரு வேலை பார்க்கும், வாய் ஒரு வேலை பார்க்கும், காது நடைபாதையில் இருக்கும். ஒரே நேரத்தில் மூன்று வேலை செய்கிறவள் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

அந்தக் கை பார்த்த வேலை என்னவென்று சொல்ல வேண்டும். ஒருவருக்கு ரத்தம் ஏற்ற வேண்டுமானால், முதலில் அவருடைய ரத்தம் என்ன பிரிவு என்று பார்ப்போம். பிறகு, கொடுக்கப்போகிற பையிலிருந்து கொஞ்சம் எடுத்து, அந்தச் சிவப்பணுக்களை உப்புநீரில் மூன்று முறை கழுவி, நோயாளியின் ரத்தத்திலிருந்து பிரித்த தெளிநீரான சீரத்தோடு ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயில் கலப்போம். உடம்புச் சூட்டில் இருக்கும் தண்ணீரில் வைத்து, மெஷினில் சுழற்றி, வெளிச்சத்தில் பிடித்து மெல்ல ஆட்டிப் பார்க்க வேண்டும். சீராகக் கலைந்தால் பொருத்தம். திரிந்த பால் மாதிரி கட்டி கட்டியாக நின்றால் அந்தப் பை ஆகாது. முழுசாகச் செய்ய நாற்பத்தைந்து நிமிடம். ஒரு சொட்டு மாறினாலும், ஒரு குழாய் இடம் மாறினாலும், அந்தப் பக்கம் கட்டிலில் ஒரு உயிர்.

இந்த வேலையை நான் ஜன்னலில் அரட்டை அடித்துக்கொண்டே செய்துகொண்டிருந்த காலத்தில் டாக்டர் நிர்மலா எங்களுக்கு அதிகாரியாக வந்தார். என்னைவிட எட்டு வயது சின்னவர். ஒல்லியாக, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி இருப்பார். நடந்தால் செருப்புச் சத்தம் கேட்காது. கோபம் வந்தால் குரல் இன்னும் தாழ்ந்துபோகும். என்னைத் "தேவகிம்மா" என்றுதான் கூப்பிடுவார். அந்த மரியாதையைக் கண்டு முதல் வாரம் நான் ஏமாந்துபோனேன்.

இரண்டாவது வாரம் எங்கள் தணிகாசலம் சித்தப்பா ஜன்னலுக்கு வந்தார். அவருக்கு உடம்பில் ஒன்றுமில்லை. பஸ்ஸுக்கு நேரம் இருந்தது, வந்துவிட்டார்.

"இன்னா தேவகி, பெரிய பொண்ணு இன்னா படிக்குது?"

"பத்தாவது சித்தப்பா. நீ இன்னா இவ்ளோ தூரம்?" என்று கேட்டுக்கொண்டே மூன்றாவது குழாயில் சொட்டு விட்டேன்.

பின்னாலிருந்து ஒரு கை வந்தது. நான் கலந்து வைத்திருந்த குழாய்களை, ஸ்டாண்டோடு எடுத்தது. பிளீச்சிங் கரைசல் வாளியில் ஒவ்வொன்றாகக் கவிழ்த்தது. டாக்டர் நிர்மலா காலி ஸ்டாண்டை என் முன்னால் வைத்தார்.

"மொதல்லேருந்து ஆரம்பிங்க தேவகிம்மா" என்றார். போய்விட்டார்.

சித்தப்பா பஸ்ஸைப் பிடிக்கப் போனார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. அன்று மட்டும் நான்கு முறை கொட்டினார். நோயாளியின் ரத்தம் பத்திரமாக இருந்தது, நான் கலந்ததைத்தான் கொட்டினார் என்றாலும் எனக்கு அது என் தலையில் கொட்டியது போலத்தான் இருந்தது. அவசரக் கேஸில் அப்படிச் செய்ய மாட்டார். பக்கத்தில் உட்கார்ந்து கூடவே பார்ப்பார். மற்ற நாளில் விதி ஒன்றுதான். குழாய் கையில் இருக்கும்போது வாய் திறந்தால் வாளி.

சாயங்காலம் அவர் அறைக்குப் போய் நின்றேன். "மேடம், நான் பேசினாலும் டெஸ்ட் சரியாத்தான் வந்திருக்கும். இத்தனை வருஷம் சரியாத்தான் வந்துது" என்றேன்.

"சரியா வந்துதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? அப்ப நீங்க அங்க இல்லையே, உங்க சித்தப்பாகிட்ட இருந்தீங்க" என்றார்.

வீட்டுக்கு வந்து டாக்டரைத் திட்டித் தீர்த்தேன். ஆனால் ஒரு சந்தேகம் உள்ளே புகுந்துகொண்டது. மறுநாள் கடிகாரத்தைப் பார்த்து வைத்துக்கொண்டு, எவ்வளவு நேரம் ஒரே வேலையில் இருக்கிறேன் என்று கவனித்தேன். மூன்று நிமிடம்கூட முழுசாக நிற்கவில்லை. ஜன்னலில் யாருமே இல்லாதபோதும் மனசு எழுந்து வீட்டுக்குப் போய், புளி தீர்ந்துவிட்டதா என்று பார்த்துவிட்டு வந்தது. நான் வெளியே இருக்கிறவர்கள்மேல் பழி போட்டுக்கொண்டிருந்தேன். பாதிக் கூட்டம் என் தலைக்குள்ளேதான் இருந்தது.

கவனம் என்பது யாருக்கும் பிறவியில் வருவதில்லை என்று அந்த மூன்று பேருக்கும் இங்கே சொல்லிவிடுகிறேன். நான் அதை அரை நிமிடம் அரை நிமிடமாகச் சேர்த்தேன். கை கழுவுவதற்கு முன்னால் ஒரு துண்டுத் தாளில், மண்டையில் இருப்பதையெல்லாம் எழுதுவேன். புளி, கேஸ் புக் பண்ண வேண்டும், நாத்தனார் சொன்ன வார்த்தை, எல்லாம். எழுதி மடித்து அலமாரியில் வைத்துவிடுவேன். பிறகு கையுறை. பிறகு குழாயில் இருக்கும் பெயர், அப்பா அல்லது கணவர் பெயர், வார்டு, படுக்கை எண், நான்கையும் வாய்விட்டுப் படிப்பேன். அந்தப் பேச்சுக்கு மட்டும் டாக்டரின் அனுமதி உண்டு. செல்போன் வந்த பிறகு அதை ஒரு எவர்சில்வர் சம்புடத்தில் போட்டு மூடினேன். அது உள்ளே அதிர்ந்து, சம்புடம் மேஜையில் தானாக நகர்ந்து, ஒருநாள் கீழே விழுந்து, லேபே அலறிவிட்டது. அதன் பிறகு வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனேன். என் கணவருக்கு அதில் ரொம்ப நிம்மதி என்று பிறகு தெரிந்தது.

ஒரு வருடத்தில் இருபது நிமிடம் வரை வந்துவிட்டேன். வாளி காயத் தொடங்கியது. ஆனால் ஜன்னல் மட்டும் அடங்கவில்லை. காற்றுக்கு அதை மூடவும் முடியாது. "குழாய் கையில இருக்குது, அப்புறம் வாங்க" என்று சொல்வதற்கே வாயைத் திறக்க வேண்டியிருந்தது.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. யோசனையைக் கொடுத்தவர் மார்த்தா. செங்கம் ரோட்டில் ஆசிரமம் பக்கம் இருக்கும் எங்கள் வீட்டு மாடி அறைக்குப் பனிக்காலத்தில் வருடா வருடம் வந்து தங்குகிற வெள்ளைக்காரப் பெண்மணி. வந்த முதல் இரண்டு வாரம் யாரோடும் பேச மாட்டார். சட்டையில் 'மௌனம்' என்று தமிழிலும் இங்கிலீஷிலும் அச்சடித்த பேட்ஜ் குத்தியிருப்பார். எங்கள் பக்கத்தில் அது சகஜம். அந்தப் பேட்ஜைப் பார்த்தால் ஆட்டோக்காரர்கூட விரலைக் காட்டித்தான் பேரம் பேசுவார். மௌனத்தில் இருப்பவரைப் பேச வைப்பது பாவம் என்று எல்லாருக்கும் ஒரு எண்ணம்.

ஊருக்குக் கிளம்பும்போது மார்த்தா தன்னிடம் இருந்த இன்னொரு பேட்ஜை எனக்கு ஞாபகமாகக் கொடுத்தார். மறுநாள் அதை வெள்ளைக் கோட்டில் குத்திக்கொண்டு குழாயைக் கையில் எடுத்தேன்.

பலனைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். எக்ஸ்ரே கேட்க வந்தவர் பேட்ஜைப் பார்த்தார், வாயை மூடிக்கொண்டார், பக்கத்துச் சுவரில் எழுதியிருந்ததைத் தானே படித்துக்கொண்டு போனார். அது அத்தனை வருடமும் அங்கேதான் எழுதியிருந்தது. தணிகாசலம் சித்தப்பா வந்தார். கன்னத்தில் போட்டுக்கொண்டு போனார். ஒரு அம்மா ஜன்னல் விளிம்பில் எலுமிச்சம்பழம் வைத்து ஒரு கும்பிடும் போட்டாள். 'லேப் அக்கா விரதம் எடுத்திருக்கிறார்' என்று பேச்சுக் கிளம்பிவிட்டது. வேலை முடிந்ததும் பேட்ஜைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, கேன்டீனில் போய் முன்பைவிட ஜாஸ்தியாகப் பேசினேன். அதையும் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

டாக்டர் நிர்மலா முதல்முறையாகச் சத்தம் போட்டுச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். "இது எங்க டெக்ஸ்ட்புக்ல இல்லயே தேவகிம்மா" என்றார். வேண்டாம் என்று சொல்லவில்லை. "வீட்லயும் போட்டுக்கயேன்" என்று என் கணவர் கெஞ்சினார்.

ஆறேழு மாதம் நான் ராணியாக இருந்தேன். நாற்பத்தைந்து நிமிடமும் நிமிராமல் வேலை பார்த்தேன். நிழல் விழும், நகர்ந்துவிடும். நிமிராமல் இருப்பதில் எனக்கு ஒரு கர்வமே வந்துவிட்டது. மறைக்க என்ன இருக்கிறது, வேலையைவிட அந்தக் கர்வம்தான் எனக்கு அப்போது இனித்தது.

அன்று பௌர்ணமி. கிரிவலத்துக்கு வந்த கூட்டத்தில் ஊரே நகர முடியாமல் இருந்தது. காலை பத்து மணி இருக்கும். பிரசவ வார்டிலிருந்து ஒரு குழாயும் சீட்டும் வந்தன. பெயர் உண்ணாமலை. ஆபரேஷன் செய்து பெண் குழந்தை பிறந்திருக்கிறது, ரத்தப்போக்கு நிற்கவில்லை, சீக்கிரம் ரத்தம் வேண்டும். கர்ப்பகாலத்தில் பார்த்த ரத்தப் பிரிவு எழுதிய அட்டையை அவசரத்தில் ஊரிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார்கள். எங்களிடமும் பழைய பதிவு இல்லை. டாக்டர் நிர்மலா அப்போது ஒரு கூட்டத்துக்காக நிர்வாக அலுவலகத்தில் இருந்தார்.

பேட்ஜைக் குத்திக்கொண்டேன். குழாயில் இருந்த நான்கையும் சீட்டோடு படித்துப் பார்த்தேன். எல்லாம் சரி. பிரிவு பார்த்தேன், பி பாசிட்டிவ். அவசரக் கேஸுக்கு உள்ள சுருக்கமான முறையில் பொருத்தம் பார்க்க ஆரம்பித்தேன். அன்று மாதிரி நான் என்றைக்கும் வேலை பார்த்ததில்லை. கை ஆடவில்லை, மனசு அசையவில்லை. ஜன்னலில் ஒரு நிழல் வந்து நின்றது தெரிந்தது. அது நகரவில்லை. ஒரு முறை இருமியது. வளையல் சத்தம் கேட்டது. நான் நிமிரவில்லை. பொருத்தம் சரியாக வந்தது. பையில் சீட்டை ஒட்டி, அடுத்த அறையில் காத்திருந்த வார்டு நர்ஸிடம் கையெழுத்து வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டுக் கையுறையைக் கழற்றினேன். அப்புறம்தான் ஜன்னலைப் பார்த்தேன்.

பிரசவ வார்டில் ஆயா வேலை பார்க்கும் கன்னியம்மா நின்றிருந்தாள். இரண்டு கையையும் கூப்பியிருந்தாள். முகமெல்லாம் வேர்வை.

"இன்னா கன்னியம்மா, ரொம்ப நேரமா நிக்கறியா?" என்றேன்.

"யக்கா, வெரதம் முடிஞ்சுதா? பேசலாமா?" என்றாள்.

"சொல்லு."

"அந்தக் கொழா நம்ம உண்ணாமலைது இல்லியாம் யக்கா. வார்டுல ரெண்டு உண்ணாமலை கீறாங்க. புதுசா வந்த நர்ஸம்மா சீட்ட மாத்தி ஒட்டிட்சாம். அதுவே சொல்லி அழுவுது. நிறுத்தச் சொல்லுன்னு ஸ்டெல்லா சிஸ்டர் என்ன ஓட வுட்டாங்க. நீங்க மௌனத்துல இருந்தீங்களா…"

எங்கள் ஊரில் தெருவில் நின்று உண்ணாமலை என்று கூப்பிட்டால் நான்கு வீட்டில் கதவு திறக்கும். சாமி பெயர், வைக்காத குடும்பம் கிடையாது. ஒரே வார்டில் இரண்டு பேர் இருந்ததில் அதிசயம் ஒன்றுமில்லை. அதிசயம், உயிர் போகிற செய்தியைக் கையில் வைத்துக்கொண்டு ஒருத்தி கால் மணி நேரம் என் முன்னால் கும்பிட்டு நின்றதுதான். பாவம் அவளுடையது இல்லை. அந்தப் பேட்ஜை அவளுக்கு நேராகக் குத்தி வைத்தவள் நான்.

ஓடினேன். எனக்கு அப்போதே முழங்கால் வலி உண்டு, உடம்பும் கனம். நடைபாதை முழுக்கக் கூட்டம். "வழி விடுங்க, வழி விடுங்க" என்று கத்திக்கொண்டே ஓடினேன். வார்டுக்குப் பொறுப்பான ஸ்டெல்லா சிஸ்டர் இருந்தால் பையைத் தொட விடமாட்டார் என்று நினைத்துத்தான் ஓடினேன். அவரை வேறொரு பிரசவத்துக்கு உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். கட்டில் அருகே இருந்தவர்களுக்குக் குழாய் மாறிய விஷயமும் தெரியும், லேபுக்கு ஆள் போன விஷயமும் தெரியும். ஆள் போய் இவ்வளவு நேரம் கழித்துப் பை வந்ததால், எல்லாம் சரிசெய்து அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டார்கள். நான் நுழையும்போது பை ஸ்டாண்டில் தொங்கியது. பையின் நீளக் குழாயில் ரத்தம் இறங்கி நின்றது. நர்ஸ் அதன் நுனியைப் பிடித்துக்கொண்டு அந்தப் பெண்ணின் கைமேல் குனிந்திருந்தாள்.

"உண்ணாமலைக்கு ஏத்தாதீங்க! நிறுத்துங்க! நிறுத்துங்க!"

அவள் கை நின்றது. ஒரு சொட்டுகூட உள்ளே போகவில்லை. நான் அந்தக் குழாயைப் பிடுங்கி மடித்துப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

உட்கார்ந்திருக்க நேரமில்லை. புது ரத்தம் எடுத்துக்கொண்டு லேபுக்கு வந்தபோது டாக்டர் நிர்மலா அங்கே நின்றிருந்தார். யாரோ சொல்லியிருக்கிறார்கள். என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். "மொதல்லேருந்து ஆரம்பிங்க தேவகிம்மா, நான் பக்கத்துல உக்காந்துருக்கேன்" என்றார். அதே வார்த்தைதான். அதே தாழ்ந்த குரல்தான்.

ஜன்னலில் அந்தப் பெண்ணின் கணவன், அவனுடைய அம்மா, ஊர்க்காரர்கள் எல்லாரும் வந்து குவிந்துவிட்டார்கள். ஒருவர் அழுகிறார், ஒருவர் கேட்கிறார், ஒருவர் ஏசுகிறார். பேட்ஜைக் கழற்றி மேஜையில் போட்டேன். அதைக் குத்திக்கொள்ள எனக்குத் தைரியமில்லை. அப்போது கன்னியம்மா ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கூட்டத்தைப் பார்த்து, இரண்டு கையையும் விரித்து நின்றாள்.

"யாரும் அவங்ககிட்டப் பேசாதீங்க. பேசறதா இருந்தா எங்கிட்டப் பேசுங்க. முக்கியம்னா நான் சொல்லிக்கிறேன்."

அந்த முதுகைப் பார்த்ததும் என் மனசு அடங்கியது. வெளியே நடப்பதை ஒருத்தி கேட்டுக்கொண்டிருக்கிறாள், நான் கேட்க வேண்டியது இருந்தால் அது என்னிடம் வந்து சேரும் என்று தெரிந்தது. புதுக் குழாயில் பிரிவு பார்த்தேன். ஓ பாசிட்டிவ். முதலில் போன பி பை ஏறியிருந்தால் அவள் உயிரே போயிருக்கும். டாக்டர் பார்த்துத் தலையாட்டினார். பொருத்தம் பார்த்தேன், டாக்டரும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், பை போனது. தொடர்ந்து இன்னும் மூன்று பை போனது. நான்காவது போன பிறகு, ரத்தப்போக்கு நின்றுவிட்டது என்று ஸ்டெல்லா சிஸ்டரே வந்து சொன்னார்.

டாக்டர் நிர்மலா அன்று மத்தியானம் எனக்கு எதிரில் வந்து உட்கார்ந்தார். "அந்தப் பேட்ஜப் பாத்து நானும்தான் சிரிச்சேன். ரெண்டு பேர் மேலயும்தான் தப்பு" என்றார். நடந்ததை ஒளிக்காமல் எழுதிக் கொடுத்தோம். புதிதாக வந்த அந்த நர்ஸ், தான் செய்ததைத் தானே ஒத்துக்கொண்டதால்தான் ஒரு உயிர் பிழைத்தது என்பதையும் டாக்டர் அதில் எழுதினார். அவளை அனுப்பிவிடக் கூடாது என்று கடைசியில் ஒரு வரியும் சேர்த்தார். அவள் வேலையில் நீடித்தாள்.

ஜன்னலில் முதலில் ஒரு மேஜை மணி வைத்துப் பார்த்தோம். அவசரம் என்றால் மட்டும் அடிக்கவும் என்று எழுதினோம். முதல் நாளே கேன்டீனுக்கு வழி கேட்டு மூன்று பேர் அடித்தார்கள். அவரவர் பசி அவரவருக்கு அவசரம். மணியை எடுத்துவிட்டு, டாக்டர் கேட்டு வாங்கிக் கன்னியம்மாவை எங்கள் பிரிவுக்கே மாற்றிக்கொண்டார். எது காத்திருக்கலாம், எது காத்திருக்கக் கூடாது என்று அவளுக்கு ஒரு நொடியில் தெரியும். அவள் ஜன்னல் கம்பியை விரலால் இரண்டு தட்டு தட்டினால், கையில் என்ன இருந்தாலும் நான் நிமிர்ந்துவிடுவேன். பாதியில் நின்றதை வாளியில் கொட்டிவிட்டு மறுபடி ஆரம்பிப்பேன். வருடத்துக்கு ஐந்தாறு முறைதான் தட்டியிருப்பாள். ஒருமுறைகூட அவள் தட்டியது வீண் இல்லை. எனக்குக் கவனம் சிதறாது என்று பெயர் வந்ததெல்லாம் அதற்குப் பிறகுதான். அந்தப் பெயரில் பாதி கன்னியம்மாவுக்குச் சேர வேண்டியது.

ஆகவே பிள்ளைகளே, போனைப் பெட்டியில் போடுங்கள், முனகாதீர்கள். ஆனால் போடுவதற்கு முன்னால், கூப்பிட வேண்டியவர்கள் உங்களை எப்படிக் கூப்பிடுவார்கள் என்று உங்கள் டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் யாராவது ஒருவர் காதோடு இருக்கிறாரா என்று பாருங்கள். இல்லையென்றால் சண்டை போட்டு வாங்குங்கள்.

உண்ணாமலையைப் பத்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். கிளம்புவதற்கு முன்னால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மாமியாரோடு எங்கள் ஜன்னலுக்கு வந்தாள். வெளுத்துப்போய் இருந்தாள், ஆனால் நின்றுகொண்டிருந்தாள். என் கையில் அப்போது வேலை இல்லை. வெளியே போய் அவளுக்கு ஒரு ஸ்டூல் போட்டேன். வந்ததும் வராததுமாக மாமியார் என்னிடம் பஞ்சாயத்து வைத்தார்.

"பொண்ணுக்கும் சாமி பேருதான் வெக்கணும்னு நான் சொல்றேன். இவ மாட்டேன்றா. நீங்களே சொல்லுங்கம்மா."

"வைக்க மாட்டேன் அத்த" என்றாள் உண்ணாமலை. "ஊர்ல யாருக்குமே இல்லாத பேரா வைப்பேன். நாளைக்கு அதுக்கும் ஒரு கொழா மாறணுமா?"

நான் அவள் பக்கம் பேசினேன். சாமி கோபித்துக்கொள்ளாது என்று என் சொந்தப் பொறுப்பில் சொன்னேன். மாமியார் முணுமுணுத்துக்கொண்டே ஆட்டோ பார்க்கப் போனார். அவர் போனதும் உண்ணாமலை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்கு எம் பேரச் சொல்லி யாரோ கத்துனாங்க. நான் அரை மயக்கத்துல இருந்தேன். சரி, செத்துட்டேன் போல, யாரோ அழுவுறாங்கனு நெனச்சேன்" என்றாள். "அப்புறம் அந்தக் கொரலு நிறுத்துங்க நிறுத்துங்கன்னுது. செத்தவள எதுக்கு நிறுத்தச் சொல்றாங்கனு கஷ்டப்பட்டுக் கண்ணத் தொறந்தேன். குண்டா ஒரு அம்மா. நெஞ்சுல மௌனம்னு எழுதிக் குத்திக்கினு, தொண்ட கிழியக் கத்திக்கினு இருந்தாங்க. எனக்கு வந்துது பாருங்க சிரிப்பு. சிரிக்கத்தான் தெம்பு இல்ல."

சொல்லிவிட்டு அன்று விட்டுப்போன சிரிப்பை அங்கே சிரித்தாள். தையல் வலிக்கிறது என்று ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, குழந்தை குலுங்க, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். நடைபாதையில் போனவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள். கன்னியம்மா சிரித்தாள், நானும் சிரித்தேன், பத்து நாளாக நெஞ்சில் நின்றிருந்த அழுகையும் அந்தச் சிரிப்போடு சேர்ந்து வந்துவிட்டது. ஆட்டோ வந்துவிட்டது என்று மாமியார் வாசலிலிருந்து கூப்பிட்டார். எங்கள் மூன்று பேரில் ஒருவர் காதிலும் அது விழவில்லை.